உழவர் சந்தையில் வீட்டுக்கோழி முட்டை: ஒரு சிறுவணிகத்தின் கணக்கும் சொற்களும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் பொருளியல் வாழ்வைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தோட்டக் கூலி, தொழிற்சங்கம், தோட்டத் துண்டாடல், நகர்ப்புறக் குடிபெயர்வு ஆகியவற்றையே மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. இவை இன்றியமையாத பொருள்களே. எனினும், கூலிப் பதிவேட்டில் இடம்பெறாத வருவாய் ஒன்றும் தோட்டக் குடும்பங்களில் இருந்து வந்தது. லயன் வீட்டின் பின்புறத்தில் வளர்ந்த கோழி, ஆடு, முருங்கை, வாழை ஆகியவற்றிலிருந்து பெண்கள் ஈட்டிய சில்லறைப் பணமே அது. தொகை சிறியதாக இருந்தமையால் அது ஆய்வாளரின் கண்ணில் அதிகம் படவில்லை.

இக்கட்டுரை அவ்வருவாயின் ஒரு கூறாகிய முட்டை விற்பனையை எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கோழி முட்டை உழவர் சந்தையில் எவ்வாறு விற்கப்படுகிறது, அதன் அளவு ஏன் எப்போதும் சிறியதாகவே இருக்கிறது, வாங்குவோர் எதனை நம்பி வாங்குகின்றனர், அவ்வணிகத்தைத் தாங்கி நிற்கும் தமிழ்ச் சொற்கள் யாவை என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காண்பதே இதன் நோக்கமாகும். சிலாங்கூரின் வடபகுதியில் உள்ள ஓர் உழவர் சந்தையில் கட்டுரையாளர் பலமுறை நேரில் கண்டவையும், தம் இளமைக்காலத் தோட்ட வாழ்வின் நினைவுகளும் இதற்குத் துணையாகின்றன.

சந்தையும் முட்டையும்

பாமா எனப்படும் கூட்டரசு வேளாண் சந்தைப்படுத்தும் வாரியம் 1965ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. உற்பத்தி செய்வோர் இடைத்தரகர் இன்றி நேரே விற்க வேண்டும் என்னும் நோக்கில் அவ்வாரியம் 1985இல் ‘பாசார் தானி’ என்னும் சந்தைமுறையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதனையொத்த நோக்குடைய உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பெற்றது. மலேசியத் தமிழர் பேச்சில் ‘பாசார் தானி’ என்னும் மலாய்ப் பெயரே நிலைத்துவிட்டது; எழுத்தில் ‘உழவர் சந்தை’ என்பது பொருத்தமாக இருப்பதால் இக்கட்டுரை அதனையே கையாள்கிறது.

இச்சந்தையில் இருவகை முட்டைகளைக் காணலாம். முதல்வகை, பண்ணையிலிருந்து வருவது. முப்பது முட்டை கொள்ளும் அட்டைத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எடையைக் கொண்டு இவற்றுக்குத் தரம் பிரிக்கின்றனர். 65 கிராமுக்கு மேல் 70 கிராமுக்குள் இருப்பது ஏ தரம். 60 முதல் 65 வரை பி தரம். 55 முதல் 60 வரை சி தரம். இரண்டாம் வகை, வீட்டுக்கோழி முட்டை. ‘கம்பத்துக் கோழி முட்டை’ என்று நம்மவர் வழங்குவது இதுவே. இது பெரும்பாலும் 40 கிராமை ஒட்டியே இருக்கும். தரப் பட்டியலின் மேல்வரிசையில் இதற்கு இடமில்லை. ஆயினும் பண்ணை முட்டையைவிட இது கூடுதல் விலைக்கு விற்கிறது. அளவில் சிறியதும் எடையில் குறைந்ததுமான பொருள் ஒன்று மிகுதியான விலை பெறுவது எவ்வாறு என்பது ஆராயத்தக்கது.

கடந்த சில ஆண்டுகளின் நிகழ்வுகள் இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கின. தீவன விலையேற்றத்தால் பண்ணை முட்டைக்கு 2022 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு விலை நிருணயித்து, உதவித்தொகையும் வழங்கியது. அவ்வாண்டின் இறுதியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தமிழ்நாட்டின் நாமக்கல்லிலிருந்து முட்டைகள் இறக்குமதியாயின. 2024 ஜூனில் ஏ தர முட்டையின் விலை 42 சென்னாகக் குறைக்கப்பட்டது. பின்னர் உதவித்தொகை படிப்படியாக விலக்கப்பட்டு, 2025 ஆகஸ்டு முதல் நாளோடு விலைக் கட்டுப்பாடும் முடிவுற்றது. இம்மூன்றரை ஆண்டுகளும் விலைக் கட்டுப்பாடு ஏ, பி, சி தரங்களைச் சார்ந்தே பேசப்பட்டது. சந்தையின் ஓரத்தில் முருங்கைக்கீரைக் கட்டுகளுக்கிடையே ஒரு கூடையில் இருந்த முட்டைகள் அவ்வுரையாடலுக்கு வெளியே நின்றன. அவற்றின் விலையை விற்பவரும் வாங்குபவருமே பேசி முடிவு செய்தனர்.

கோழியின் கணக்கு

கட்டுரையாளர் தொடர்ந்து சந்தித்து வந்த ஓர் அம்மையார், முன்னாள் பால்மரத் தொழிலாளி, அறுபதைக் கடந்தவர். ஒவ்வொரு வாரமும் அவர் கொண்டுவரும் முட்டைகள் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்டவை. சில வாரங்களில் ஒன்றுமே இருக்காது. கீரை, வாழைப்பூ, கறிவேப்பிலை ஆகியவற்றோடு முட்டையும் வைத்திருப்பாரே தவிர, முட்டைக்கென்று தனிக்கடை வைத்ததில்லை. இதனை முயற்சிக் குறைவு என்று கருதுவோர் உண்டு. உண்மையில் இது கோழியின் இயல்பிலிருந்து பிறக்கும் அளவாகும். அதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்.

வீட்டில் மேய்ந்து வளரும் நாட்டுக்கோழி ஒரு சுற்றில் ஏறக்குறைய 12 முதல் 15 முட்டைகள் இடும். இதற்கு மூன்று வாரங்கள் போல் ஆகும். பின்னர் அது அடையில் அமரும். குஞ்சு வெளிவர 21 நாள்கள் ஆகும். குஞ்சுகளோடு தாய் ஆறு, ஏழு வாரங்கள் சுற்றித் திரிந்து, அதன்பின் அவற்றைக் கொத்தி விரட்டிவிட்டு மீண்டும் முட்டையிடத் தொடங்கும். ஆக ஒரு சுற்று ஏறத்தாழ 13 வாரங்கள். ஆண்டுக்கு நான்கு சுற்று. சுற்றுக்கு 13 முட்டை எனக் கொண்டால் ஒரு கோழிக்கு 52 முட்டை. பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு வாரத்திற்குப் பத்து முட்டையே கிடைக்கும். அவற்றுள் ஒரு பகுதியை அடைக்கு வைக்க வேண்டும். இல்லையெனில் அடுத்த ஆண்டு கோழியே இராது. கீரி, உடும்பு, பாம்பு ஆகியவற்றால் ஏற்படும் இழப்பும் உண்டு. பண்ணையில் முட்டைக்காகவே வளர்க்கப்படும் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். அதற்கு அடை உணர்வு இல்லாதவாறு பல தலைமுறைகளாக இனத்தேர்வு செய்யப்பட்டுள்ளது.

அடையில் அமரும் கோழியின் அடையைத் தெளிய வைத்து, விரைவில் மறுபடியும் முட்டையிடச் செய்வதும் உண்டு. தண்ணீரில் நனைத்து எடுப்பது, கூட்டிலிருந்து பிரித்துத் தரையில் காற்றோட்டமான இடத்தில் சில நாள் அடைத்து வைப்பது முதலியன அதற்கான வழிகள். இரண்டு மூன்று கோழிகளின் முட்டைகளை நல்ல அடைக்கோழி ஒன்றினிடம் சேர்த்து வைத்து, ஏனையவற்றின் அடையைத் தெளிய வைப்பது கைதேர்ந்தவர் செய்வது. இவ்வாறு செய்யும்போது எண்ணிக்கை கூடும். எனினும் பண்ணையின் அளவை நெருங்காது.

இக்கணக்கிலிருந்து நடைமுறைப் பயனுடைய ஓர் உண்மை பெறப்படுகிறது. ஒரு கடையில் வாரந்தவறாமல் தட்டுத்தட்டாக, ஒரே அளவிலும் ஒரே நிறத்திலும் ‘கம்பத்து முட்டை’ அடுக்கி வைக்கப்பட்டிருந்தால், அவை வீட்டுக்கொல்லையில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளாக இருக்க இயலாது. அவை நிறமுடைய கலப்பினக் கோழிகளைப் பெரிய அளவில் வளர்த்துப் பெறப்பட்டவையாக இருக்கக்கூடும். அத்தகைய முட்டை தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. அது வேறு பொருள் என்பதே கருத்து. கூடையில் முட்டை குறைவாக இருப்பதும், ஒன்றோடொன்று அளவில் வேறுபடுவதும், சில வாரங்களில் அறவே இல்லாமற் போவதும் வீட்டுக்கோழி முட்டையின் அடையாளங்கள்.

முட்டைப்பணம்

முட்டை ஒன்றுக்கு ஒரு வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் வாரத்திற்குப் பத்துப் பதினைந்து வெள்ளிதான் வரும். இவ்வளவு சிறிய தொகைக்காக ஏன் இத்தனை பாடு என்னும் வினா இயல்பாகவே எழும். இவ்வினாவுக்குக் கட்டுரையாளரின் வீட்டிலேயே விடை இருந்தது.

தோட்டத்தில் சம்பளம் மாதத்திற்கு ஒருமுறை வரும். வந்த நாளிலேயே கடைக்கடனுக்குப் பெரும்பகுதி போய்விடும். கட்டுரையாளரின் தாயார் வளர்த்த கோழிகளின் முட்டைகள் கிராணி வீட்டுக்கும் சீனர் கடைக்கும் சென்றன. அக்காசு ஒரு மைலோ டின்னில் விழுந்தது. அந்த டின்னைத் தந்தையார் தொடுவதில்லை, கேட்பதுமில்லை. பள்ளிப் பேருந்துக் கட்டணமும், பின்னாளில் ஆறாம் படிவத் தேர்வுக்கான கட்டணமும் அதிலிருந்தே எடுக்கப்பட்டன. சம்பளப் பணம் குடும்பத்தின் பணம். முட்டைப்பணம் அம்மாவின் பணம். தொகையைவிட அது யாருடைய கையில் இருந்தது என்பதே முக்கியமாக இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்நாள்களில் எங்கள் வீட்டில் கம்பத்து முட்டையைச் சாப்பிட்ட நினைவு கட்டுரையாளருக்கு அரிதாகவே உள்ளது. அதனை விற்றுவிட்டு, விலை குறைந்த பண்ணை முட்டையைக் கடையில் வாங்கியே சமைத்தனர். சந்தையில் சந்தித்த அம்மையாரும் இதனையே கூறினார். தாம் வளர்க்கும் கோழியின் முட்டையைத் தாம் உண்பதில்லை என்றும், பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் ஒன்று எடுப்பதாகவும் சொன்னார். வீட்டுக்கோழி முட்டையைப் பழைய தோட்ட வாழ்வின் வளத்துக்குச் சான்றாகப் போற்றி எழுதுவோர் இதனையும் கருத்திற்கொள்ளல் வேண்டும். விளைவித்தவரின் வாய்க்கு எட்டாத பொருளாகவே அது பல வீடுகளில் இருந்தது.

வாங்குவோர்

வீட்டுக்கோழி முட்டையை வாங்குவோர் மூவினத்தாருமாவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. மலாய்க்காரருள் சிலர் உடல் வலிமை கருதித் தேனோடும் மூலிகைகளோடும் கலந்து உண்ண இதனை நாடுகின்றனர். சீனக் குடும்பங்களில் பிள்ளை பெற்ற தாய்க்கான உணவில் இது விரும்பப்படுகிறது. தமிழர் வீடுகளில் பெண்பிள்ளை பூப்பெய்தும்போது நல்லெண்ணெயோடு நாட்டுக்கோழி முட்டை கொடுப்பதும், உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதும் வழக்கம். ஒரே கூடையிலிருந்து மூன்று மரபுகளுக்கும் முட்டை செல்வதைச் சந்தையில் காலை வேளையில் காணலாம். விற்கும் அம்மையார் மூவரிடமும் அவரவருக்கு ஏற்ற மொழியில் பேசுகிறார். வாங்குவது எதற்காக என்றும் கேட்டறிகிறார். பிள்ளைக்குக் கொடுப்பதற்கு என்றால், அன்றைக்கோ முதல்நாளோ இட்ட முட்டையைத் தேர்ந்தெடுத்துத் தருகிறார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. முட்டையைப் பச்சையாக உண்பதால் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரியால் நோயுண்டாகும் வாய்ப்பு உண்டு. வீட்டுக்கோழி முட்டையும் இதற்கு விலக்கன்று. மரபைப் போற்றும் ஆசிரியர்கள் மாணவரிடம் இம்மரபைப் பற்றிப் பேசும்போது, வேகவைத்து உண்பதே பாதுகாப்பானது என்பதையும் சேர்த்தே கூறுதல் நன்று.

சத்தைப் பற்றியும் மிகைப்படுத்திப் பேசத் தேவையில்லை. மஞ்சள் கருவின் அடர்ந்த நிறம் கோழி தின்னும் பசுந்தழை, சோளம் முதலியவற்றில் உள்ள நிறமிகளால் வருவது. அதே நிறத்தைத் தீவனத்தின் வழியாகப் பண்ணையிலும் உண்டாக்க இயலும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. அது வளர்ப்பு முறையைக் காட்டாது. எனவே கருவின் நிறமும் ஓட்டின் நிறமும் வீட்டுக்கோழி முட்டைக்கு முழுமையான சான்றாகா.

பொறுப்பேற்பு

அவ்வாறாயின் சான்று எது? விற்பவர் அம்முட்டைக்குப் பொறுப்பேற்கிறார் என்பதே சான்று. இக்கட்டுரையின் மையக் கருத்தும் இதுவேயாகும். ஒரு வாரம் அம்மையாரின் கூடையில் முட்டை இல்லை. காரணம் கேட்டபோது, “கோழிக்கு மருந்து கொடுத்திருக்கேன் தம்பி, இந்த வாரம் முட்டை விக்க மாட்டேன்” என்றார். வழக்கமாக வாங்கும் மலாய்ப் பெண்மணி ஒருவர் வந்து கேட்டபோதும் “மிங்கு டெப்பான்” என்று அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார். மருந்தின் எச்சம் முட்டையில் தங்கும் என்பதும், அதனால் சில நாள்கள் முட்டையை விலக்கி வைக்க வேண்டும் என்பதும் கால்நடை மருத்துவர் கூறும் விதி. அவர் அதனை எழுத்தில் படித்தவரல்லர். அந்த வாரம் அவருடைய வீட்டில் முட்டைகள் இருந்தன, கேட்போரும் இருந்தனர். விற்றிருந்தால் எவரும் அறிந்திருக்க மாட்டார். அப்பெண்மணி மறுவாரம் தவறாமல் வந்ததைக் கட்டுரையாளர் கண்டார்.

புதிய முட்டையை அறியும் முறைகளும் இப்பொறுப்பின் பகுதியே. தண்ணீரில் இட்டால் புதிய முட்டை அடியில் படுத்திருக்கும், நாளான முட்டை நிமிர்ந்து நிற்கும், கெட்டது மிதக்கும். ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேற, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாவதே இதற்குக் காரணம். அம்மையார் முட்டையைக் கழுவுவதில்லை. உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி. இட்ட முட்டையின் மேல் இயற்கையாகப் படிந்துள்ள மெல்லிய பூச்சு நுண்துளைகளை அடைத்துக் காக்கிறது. கழுவினால் அது நீங்கிவிடும்; பின்னர் அம்முட்டையைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். “கழுவினா சீக்கிரம் கெட்டுப்போகும்” என்னும் அவருடைய ஒரு வரியில் இவ்விளக்கம் முழுவதும் அடங்கியுள்ளது.

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் கட்டுரையாளர் அங்குள்ள உழவர் சந்தைகளுக்குச் செல்வதுண்டு. அந்நாட்டில் இக்கால உழவர் சந்தை 1997இல் பாத் நகரில் தொடங்கியது. அங்கு பொதுச்சந்தையில் விற்கும் முட்டையின்மேல் உற்பத்தியாளரின் குறியீட்டு எண் பொறிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் ஐம்பதுக்கும் குறைவான கோழிகளை வைத்திருப்போருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் தம் பெயரையும் முகவரியையும், முட்டையை எந்நாளுக்குள் உண்ண வேண்டும் என்பதையும் விற்குமிடத்தில் எழுதி வைத்தால் போதும். குறியீட்டு எண் செய்யும் வேலையைச் சிறுவளர்ப்பாளரிடத்தில் அவருடைய பெயரே செய்கிறது என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. அதே வேளையில், 2024 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரு கோழி வைத்திருப்பவரும் அதனைப் பதிவு செய்தல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நோய் பரவினால் எங்கெங்குக் கோழி உள்ளது என்பது தெரிய வேண்டும் என்பதே காரணம். நம்பிக்கையும் பதிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இதனால் அறியலாம். நம் சந்தைகளிலும் வீட்டுக்கோழி முட்டை விற்போர் பெயரும் முட்டை இட்ட நாளும் எழுதிய ஒரு சிறு அட்டையை வைத்தால், வாங்குவோருக்கும் அவர்களுக்கும் அது பயன் தரும்.

வணிகத்தைத் தாங்கும் சொற்கள்

மேற்கூறிய அறிவு முழுவதும் ஏட்டில் இல்லை. பேச்சுத் தமிழில் உள்ளது. தமிழாசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய பகுதி இது. இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி ‘விடைக்கோழி’, பேச்சில் ‘வெடக்கோழி’. முட்டையிட இடம் தேடிக் குரலெழுப்புவது ‘கேறுதல்’. விற்பவருக்கு இச்சொல் முக்கியமானது. கோழி கேறத் தொடங்கிவிட்டால் சில நாளில் கூடையில் முட்டை சேரும் என்று வாங்குவோரிடம் அவர் சொல்லி வைக்கலாம். ‘அடை’ என்னும் ஒரு சொல்லிலிருந்து அடைக்கோழி, அடைகாத்தல், அடை வைத்தல், அடை தெளிதல் எனப் பல வழக்குகள் கிளைக்கின்றன. குஞ்சுகளையும் கோழியையும் கவிழ்த்து மூடும் கூடை ‘பஞ்சாரம்’. கரு கூடாமல் கெட்டுப்போன முட்டை ‘கூழ்முட்டை’. அதுவே பேச்சில் ‘கூமுட்டை’ ஆயிற்று. இன்றைய மாணவர் பலர் இச்சொல்லைத் திரைப்பட நகைச்சுவையில் வரும் வசைச்சொல்லாகவே அறிவர். அது ஒரு முட்டையின் பெயர் என்று வகுப்பில் சொன்னபோது கட்டுரையாளரின் மாணவர்கள் வியந்தனர்.

இச்சொற்களுள் சில மிகப் பழமையானவை. தொல்காப்பிய மரபியல் உயிர்களின் ஆண், பெண், இளமைப் பெயர்களை வரையறுக்கிறது. பறவையின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை என்பவற்றைக் கூறுகிறது. பெட்டை என்னும் பெயர் பறவைக்கும் உரியது என்கிறது. ‘அளகு’ என்னும் பெண்பாற் பெயர் கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே உரியது என்று வரையறை செய்கிறது. இவற்றுள் ‘அளகு’ வழக்கொழிந்தது. ‘பெட்டை’ மட்டும் கடல் கடந்து வந்து, லயன் வீட்டுக் கொல்லையில் வாழ்ந்து, இன்று சந்தைக் கூடையருகிலும் ஒலிக்கிறது. மரபியலைக் கற்பிக்கும் ஆசிரியர் அதற்கு எடுத்துக்காட்டை நெடுந்தொலைவு சென்று தேட வேண்டியதில்லை.

எழுத்துப்பிழை ஒன்றையும் இங்கே சுட்டலாம். குஞ்சு ‘பொறித்தல்’ என்று மாணவர் எழுதுவது பெருவழக்காக உள்ளது. குஞ்சு ‘பொரித்தல்’ என்று இடையின ரகரம் இட்டு எழுதுவதே சரி. வல்லின றகரம் இட்ட ‘பொறித்தல்’ என்பது முத்திரை, எழுத்து முதலியவற்றைப் பதிப்பதைக் குறிக்கும். பண்ணை முட்டையில் எண் பொறிக்கப்படுகிறது. நாட்டுக்கோழி குஞ்சு பொரிக்கிறது என்று சொல்லிக் கொடுத்தால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

மக்கள் அறிவு என்பதனால் அனைத்தையும் அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. நீண்டு கூரிய முட்டையிலிருந்து சேவலும் உருண்ட முட்டையிலிருந்து பெட்டையும் வரும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. பறவைகளில் குஞ்சின் பாலைத் தாயின் பாலினக் குறுமமே தீர்மானிக்கிறது; ஓட்டின் வடிவத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. அம்மையாரிடம் இதனைக் கூறியபோது அவர் மறுக்கவில்லை. தாமும் பலமுறை ஏமாந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

இடையூறுகள்

இச்சிறுவணிகத்திற்கு இரண்டு பெரும் இடையூறுகள் உள்ளன. முதலாவது நோய். வெள்ளைக்கழிச்சல் என்று தமிழ்நாட்டில் வழங்கும் நோய் ஒரு கொல்லையின் கோழிகள் அனைத்தையும் சில நாள்களில் அழிக்கவல்லது. இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. ஆனால் பெருந்தொகைக் கோழிகளுக்கென அமைந்த மருந்துப் புட்டிகள் பத்துக் கோழி வளர்ப்பவருக்குப் பொருந்துவதில்லை. அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நாளில் போட்டால்தான் கட்டுப்படியாகும்.

பறவைக் காய்ச்சல் இதனினும் கடுமையானது. 2004 ஆகஸ்டில் கிளந்தான் மாநிலத்தின் தும்பாட் வட்டாரத்திலும், 2006 பிப்ரவரியில் கோம்பாக்கிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோவை அடுத்த சிற்றூரிலும், 2017இல் மீண்டும் கிளந்தானிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. இவற்றுள் முதல் மூன்று நிகழ்வுகளும் வீடுகளில் வளர்க்கப்பட்ட கோழிகளிடையே தோன்றியவை. நோய் பரவாதிருக்கச் சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்பட்டன. பொதுநலம் கருதி அது செய்யத்தக்கதே. ஆயினும் பஞ்சாரம் காலியான வீடுகளில் மீண்டும் கோழி வளர்ப்பது எளிதில் நிகழ்வதன்று. நல்ல அடைக்கோழி ஒன்று உருவாகச் சில ஆண்டுகள் ஆகும்.

இரண்டாவது இடையூறு குடியிருப்பு. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, தோட்டத் தமிழர் பலர் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். நான்காம் மாடியில் கோழி வளர்க்க முடியாது. கட்டுரையாளரின் தாயார் குடிபெயரும்போது எஞ்சிய கோழிகளை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார். மைலோ டின்னை மட்டும் கொண்டு வந்தார். புதிய வீட்டில் அதில் பொத்தான்களும் நூல்கண்டுகளும் இருந்தன. அதன்பின் தமக்கென்று ஏதேனும் வாங்க அவர் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியிருந்தது. நாங்கள் கொடுக்கத் தயங்கியதில்லை. கேட்கத்தான் அவர் தயங்கினார். வீட்டுவசதி வளர்ந்தது, கழிப்பறையும் குழாய்நீரும் வந்தன, பிள்ளைகளுக்குப் பள்ளி அருகில் அமைந்தது. இவை மறுக்கவியலாத நன்மைகள். இந்நன்மைகளோடு சேர்ந்து போன ஒன்றைக் கணக்கெடுக்கும்போது, முட்டையின் விலையை மட்டும் பெருக்கிப் பார்த்தல் போதாது.

முடிவுரை

வீட்டுக்கோழி முட்டை விற்பனை தன் இயல்பால் சிறியது. பெரிதாக்க முயன்றால் அது வேறு தொழிலாகிவிடும். அதன் கூடுதல் விலைக்குச் சத்தோ நிறமோ முதற்காரணமன்று. கோழியையும் அதன் நாள்களையும் அறிந்த ஒருவர் நேரில் நின்று அதற்குப் பொறுப்பேற்பதே காரணம். அவ்வறிவு இந்நாட்டுத் தமிழரிடையே பெரும்பாலும் முதிய பெண்களிடம், பேச்சுத் தமிழில் உள்ளது. அவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது.

தமிழாசிரியர்கள் இதன்பொருட்டு உடனே செய்யக்கூடியவை சில உண்டு. மாணவரைத் தத்தம் ஊர் உழவர் சந்தைக்கு அழைத்துச் சென்று, கோழி, முட்டை, கீரை விற்போரிடம் பேசச் செய்யலாம். அவர்கள் வழங்கும் சொற்களைச் சொன்னவாறே எழுதி, பொருளையும் பயன்படும் சூழலையும் குறித்துவரச் செய்யலாம். வீட்டில் பாட்டியிருந்தால் அவரிடமே தொடங்கலாம். ‘விடைக்கோழி’ எது, ‘கேறுதல்’ எப்போது, அடை எப்படித் தெளியும் என்று ஒரு மாணவர் கேட்டால், அவருக்குக் கிடைப்பது சொற்பட்டியல் மட்டுமாக இராது. முட்டைக்காசு எதற்குப் பயன்பட்டது என்பதையும் பாட்டி சொல்லக்கூடும். அதனையும் சேர்த்தே எழுதிவருமாறு ஆசிரியர் கூறல் வேண்டும்.